சமையலறை தனி விலை

சனிக்கிழமை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள்.
ஒன்பதே காலுக்கெல்லாம் வரிசை
மூன்று மாடி இறங்கி, சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டு
மூலைக் காப்பிக்கடை வரை போய்விட்டது.
நான் குடிவந்த புதிதில் அங்கே ஒரு காப்பி இரண்டு யூரோ கூட இல்லை.
இப்போது ஐந்தரை.
குவளை மட்டும் சிறுத்திருக்கிறது.

குளோக்கன்பாக்கில் வீட்டைக் காட்டுவது
காலி செய்கிறவள் வேலை.
சொந்தக்காரி ட்ஸிர்ன்கிபிள் அம்மாள் போனில் சொன்னாள்:
ஃபைல்களை வாங்கி வையுங்கள்,
முகங்களையும் கொஞ்சம் பாருங்கள்.

முகங்களைப் பார்த்தேன்.
எல்லோரும் துவைத்த சட்டை.
மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடனில்லை என்ற சான்று,
பழைய வீட்டுக்காரர் எழுதிய நல்ல வார்த்தை.
ஒருவர் நாயின் படத்தையும் இணைத்திருந்தார்.
நாய் டை கட்டியிருந்தது.

ஐம்பத்தாறு சதுர மீட்டர்.
நான் கொடுத்தது தொள்ளாயிரத்து எண்பது.
வருகிறவர் கொடுக்கப்போவது ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
வெந்நீர் தனி.
சமையலறையும் தனி.

இந்த ஊர் வழக்கம் அது:
போகிறவர் அடுப்பையும் அலமாரியையும் கழற்றிக்கொண்டு போவார்,
இல்லையென்றால் வருகிறவர் தலையில் கட்டுவார்.
பதினெட்டு வருஷத்துக்கு முன்னால்
என் தலையில் கட்டியவர் பெயர் புர்க்ஹார்ட்.
இரண்டாயிரத்து முன்னூறு.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தேன்,
சமைக்க ஒன்றுமில்லாத சமையலறைக்கு.
இடதுபக்க அலமாரிக் கதவு அன்றும் மூடாது,
இன்றும் மூடாது.

கதவில் காகிதம் ஒட்டியிருந்தேன்: நாலாயிரம்.

ஒட்டிலீ என்றொரு பெண்,
இரண்டு நிறுத்தம் தள்ளி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி.
காலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள்.
அவள் ஒருத்திதான் அதைக் கேட்டாள்.
பிறகு காகிதத்தைப் படித்துவிட்டு, மெதுவாக,
தவணையில் தரலாமா?

லென்னார்ட் எதையும் கேட்கவில்லை.
எல்லோரும் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்த நேரத்தில்
என் பக்கத்தில் வந்து நின்று
சன்னல் வழியே டிராமைப் பார்த்தபடி சொன்னான்:
சமையலறைக்கு எட்டாயிரம்.
அந்தக் கதவு மூடாது, என்றேன்.
சிரித்தான். பரவாயில்லை.

முல்டோர்ஃபில் பார்த்து வைத்த வீட்டுக்கு
முன்பணம் ஏழாயிரத்து ஐந்நூறு.
கணக்கு எனக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.
எழுபத்திரண்டு ஃபைல்களையும் அடுக்கினேன்.
அவனுடையது மேலே.
ஒட்டிலீயுடையது எங்கே போயிற்று என்று
பார்க்காமலே கட்டினேன்.

இப்போது வாரத்தில் மூன்று இரவு
பணிமனை ஓய்வறையில் படுக்கிறேன்.
முல்டோர்ஃபிலிருந்து வரும் முதல் ரயிலுக்கும் முன்னால்
என் முதல் டிராம் கிளம்பியாக வேண்டும்.
புது வீட்டிலும் சமையலறை இல்லை,
குழாயும் சுவரில் நான்கு துளையும் இருக்கின்றன.
மின்கெண்டியில் முட்டை அவிக்கப் பழகிவிட்டேன்.

நேற்று ஐந்து பன்னிரண்டுக்கு
என் பழைய சன்னலுக்குக் கீழே திரும்பினேன்.
நடைபாதையில் என் அடுப்பு.
என் அலமாரிகள் மூன்றும்.
அதன்மேல் காகிதம், பெரிய எழுத்தில்:
வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இடதுபக்கக் கதவு திறந்தே கிடந்தது.
உள்ளே நான் ஒட்டிய பூப்போட்ட தாள்.
பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
பாதிப் பேர் தூக்கத்தில்,
அடுப்பு எடுக்க டிராமை நிறுத்த விதியில் இடமில்லை.

மணி அடித்தேன்.
தண்டவாளத்தில் யாரும் இல்லை.
சும்மா அடித்தேன்.